குல்சும் வியர்த்த நாள்

எங்கள் டிஸ்பென்சரிக்கும் கசாப்புக் கடை அப்துல் கய்யூம் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முன்பக்கம் டாக்டர் மர்சலின் அம்மாள் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார். பின்பக்கம் மருந்துப் புட்டிகள் கழுவும் முற்றம். முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கய்யூம் வீட்டுக் கிணற்றடி. நான் அந்த முற்றத்தில் பதினோரு வருஷம் புட்டி கழுவினேன். அதனால் குல்சுமின் முகத்தைப் பார்ப்பதற்கு வெகுநாள் முன்பே அவள் குரலை எனக்குத் தெரியும்.

அவள் திருவல்லிக்கேணியிலிருந்து பதினாறு வயதில் கய்யூமுக்கு மனைவியாக வந்தவள். ஆட்டுத்தொட்டியில் அறுத்த ஆடுகளைக் கய்யூம் விடிந்ததும் கிணற்றடிக்குக் கொண்டுவந்து சுத்தம் செய்வார். காகங்கள் கூடிவிடும். குல்சும் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் கொழுத்த காகத்துக்குக் கலெக்டர் என்று பெயர். "யோவ் கலெக்டரே, எறங்குய்யா! இன்னா உங்கப்பன் வூட்டுச் சட்டியா?" என்று அவள் போடும் சத்தத்தில் எங்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் நோயாளிகள்கூடச் சிரிப்பார்கள். அப்படி ஒரு குரல். வெண்கலத் தட்டு கீழே விழுந்தால் எழுமே, அந்த ஓசை அதில் இருந்தது.

ஆறேழு வருஷத்தில் அந்தக் குரல் மாறியது. ஒரே நாளில் மாறவில்லை. முதலில் சிரிப்பு குறைந்தது. பிறகு வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. பிறகு குரல் தடித்து ஆண்குரல்போல் ஆனது. ஒருநாள் கிணற்றடியில் யாரோ வேலைக்காரர் பேசுகிறார் என்று நினைத்தேன். கலெக்டரைத் திட்டியபோதுதான் அது குல்சும் என்று தெரிந்தது. சுவர் விரிசல் வழியாகப் பார்த்தால், அவள் கறிச்சட்டிக்குப் பக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருப்பாள். பாங்கு கேட்டால் மட்டும் எழுந்து போய்த் தொழுவாள். அந்தக் கடைசி ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட, ஒரு வேளைகூட அவள் தொழுகையை விட்டதில்லை. அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன்.

1931ஆம் வருஷம் கத்திரி வெயிலில், மாமியார் ஹாஜிரா பீ அவளை எங்கள் வாசலுக்கு அழைத்து வந்தார். பத்தடி தூரத்துக்குக் குல்சும் இரண்டு முறை நின்றாள். புர்க்காவுக்கு உள்ளே கம்பளிச் சால்வை போட்டிருந்தாள்.

"டாக்டரம்மா, இவளுக்குத் தூக்கம்தான் நோவு," என்று ஹாஜிரா பீ ஆரம்பித்தார். "உக்காந்தா தூங்குது. பால அடுப்புல வெச்சிட்டுத் தூங்குது. மன்சன் வெந்து போய்க்கினு கீறான், இது குளுருதுன்னு சால்வ கேக்குது. ஒம்போது வருசமா வயித்துல ஒண்ணுமில்ல. இப்போ மாசக் குளியலும் நின்னு ஒரு வருசம் ஆவுது. எம் புள்ளைக்கு வேற பொண்ணு பாத்துட்டேன். உங்களாண்ட மறைக்க இன்னா கீது?"

"எப்போ கல்யாணம்?" என்று டாக்டர் கேட்டார்.

"மொகரம், சபர் ரெண்டு மாசமும் நாங்க கல்யாணம் வெக்க மாட்டோம். அடுத்த மாசம் மீலாது போனதும் நிக்காஹ். வாணியம்பாடிப் பொண்ணு. நிச்சயம் பண்ணி சக்கர மாத்திக்கினாச்சு."

"அப்போ இவங்க?"

"நானா தொறத்தப் போறேன்? இருந்தா ஒரு மூலையில இருக்கட்டும். அண்ணன் வூட்டுக்குப் போனாலும் சரி."

அண்ணன் வீடு என்பது திருவல்லிக்கேணியில் ஒரு அறையும் ஒரு தாழ்வாரமும். அதில் ஏழு பேர். குல்சும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர்கூட வரவில்லை. அழுவதற்கும் ஒரு வேகம் வேண்டும்போலும்.

டாக்டர் அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். புருவத்தின் வெளிப்பாதி உதிர்ந்திருந்தது. கன்னமும் இமையும் ஊறிய அவல்போல் உப்பியிருந்தன. கணுக்காலுக்குப் பின்னால் ரப்பர் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினார். பாதம் சட்டென்று உதறியது. திரும்பித் தன் இடத்துக்கு வர மறந்ததுபோல் மெல்ல மெல்ல இறங்கியது. டாக்டர் மறுபடி தட்டினார். மறுபடியும் அப்படியே.

"கடைசியா உனக்கு எப்போ வேர்த்துச்சு குல்சும்?"

குல்சும் யோசித்தாள். சுவர்க் கடிகாரம் எத்தனையோ முறை டிக்கென்ற பிறகு, "தெரியலியே," என்றாள்.

டாக்டர் அவள் கழுத்தில் இரு கட்டைவிரல்களையும் வைத்து, எச்சில் விழுங்கச் சொல்லி, தேடினார்.

"நான் வயித்துக்கு வந்தா நீங்க கழுத்தப் புடிக்கிறீங்களே!" என்றார் ஹாஜிரா பீ.

"வயிறு இங்கேதான் தூங்குது, அம்மா," என்றார் டாக்டர்.

அன்று அவர் சொன்னதை இன்றும் என்னால் அப்படியே சொல்ல முடியும். கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த பூச்சிபோல் ஒரு சுரப்பி இருக்கிறது. எச்சில் சுரப்பிக்கும் கண்ணீர்ச் சுரப்பிக்கும் குழாய் உண்டு. இதற்குக் குழாய் கிடையாது. தான் சுரப்பதை நேரே ரத்தத்தில் விடும். உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், இருதயம் எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும், மயிர் முளைக்க வேண்டுமா என்றெல்லாம் அதன் சொல்படி நடக்கிறது. குல்சுமுக்கு அது வாடிவிட்டது. அடிவயிற்றில் இரண்டு பக்கமும் இருக்கும் சினைப்பைகள் கெடவில்லை. மேலேயிருந்து எழுப்பும் சேதி வராததால் அவையும் அடங்கிக் கிடக்கின்றன.

"இதுக்கு மருந்து கீதா இல்லியா?" என்று ஹாஜிரா பீ கேட்டார்.

"சீமையில ஆட்டுச் சுரப்பியைக் காயவெச்சு மாத்திரை பண்றாங்க. மவுண்ட் ரோட் மருந்துக் கடையில இப்போ இல்லை. அடுத்த கப்பலுக்கு ரெண்டு மாசம் ஆகும்." டாக்டர் கொஞ்சம் சிரித்தார். "ஆனா அதே சாமான் உங்க பிள்ளை கத்தியில தினமும் வருதே."

கய்யூமை வரச் சொன்னார்கள். அவர் வாசற்படிக்கு வெளியே, தெருவைப் பார்த்தபடி தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். பெண் டாக்டர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். டாக்டர் உள்ளேயிருந்தே சொன்னார்: ஆட்டின் குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை ஒட்டி, இரு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். ஈரல் நிறம். பாதாமைவிடக் கொஞ்சம் நீளம். அதில் ஒன்றின் கால்பங்கை, தினமும் அதிகம் வேகவிடாமல் தின்ன வேண்டும்.

"கழுத்துல கீற சுரப்பிதானேம்மா? தெரியும்," என்றார் கய்யூம். "அடுப்புல காட்டித் தின்னலாம்தானே? அனுப்பிச்சுடறேன்."

மறுநாள் டாக்டர் கோடைக்குக் கொடைக்கானல் புறப்பட்டுப் போனார். போகும்போது என்னிடம், "ஆலிஸ், வந்ததைக் கண்ணாடித் தட்டில வெச்சுப் பொடியா அரிஞ்சு குடு. அளவு முக்கியம்," என்றார்.

மந்தார இலைப் பொட்டலம் தினமும் எட்டு மணிக்கு வந்தது. முதல் நாள் பிரித்தபோதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. உள்ளே இருந்தது வெள்ளையாக, தளதளவென்று, தொட்டால் வெண்ணெய்போல் இருந்தது. ஈரல் நிறம் என்று டாக்டர் சொன்னது என் காதில் இருந்தது. கம்பவுண்டர் பவுல்சாமியிடம் காட்டினேன்.

"அவுரு கசாப்புக்காரு. நீ புட்டி கழுவுறவ. ஆட்டப் பத்தி யாருக்குத் தெரியும்?" என்றார் அவர். கையில் பத்திரிகை இருந்தது. "சீமையில இன்னா நடக்குது பாரு. கெழட்டுத் தொரைங்களுக்குக் கொரங்கு வெதைய எடுத்து உள்ள வெச்சுத் தெக்கிறாங்களாம். கொமரனா ஆயிட்றானுங்களாம்."

"ஆயிட்டாங்களா?"

"யாரு கண்டா? மரம் ஏறாம இருந்தா சரி."

வாயில் வந்ததை விழுங்குவது எனக்குப் பழக்கம். குல்சும் தினமும் வந்து, ரொட்டித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்ததைப் பிஸ்மில்லா சொல்லித் தின்றுவிட்டுப் போனாள். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் ஆயிற்று. மொகரம் பத்தும் கழிந்தது. அவள் கால் இன்னும் மெதுவாகத்தான் நடந்தது. ஹாஜிரா பீ வாணியம்பாடிப் பெண்ணுக்குத் துணி எடுக்கக் கிளம்பினார்.

அன்று முற்றத்தில் புட்டிகளை அப்படியே போட்டுவிட்டுச் சுவரருகே போனேன். அந்தப் பக்கம் குல்சும் மட்டும் இருந்தாள். கலெக்டர் சுவர்மேல் உட்கார்ந்திருந்தது.

"குல்சும், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றேன். ஒன்பது வருஷத்தில் சுவரைத் தாண்டி நான் பேசியது அதுதான் முதல்முறை. "வெள்ளையா வருதே, அது என்ன?"

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "குட்டிச் சத. பால்குட்டிக்குத்தான் அவ்ளோ பெர்சா இருக்கும். நெஞ்சுல இருந்து கழுத்து வரிக்கும். கெடாவாச்சுன்னா கரைஞ்சிடும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "காயடிச்ச ஆட்டுக்கு மட்டும் சீக்கிரம் கரையாது."

"ஏன்?"

"தெரியாது. அப்டித்தான் கீது."

"அப்போ ஈரல் நிறத்தில, மூச்சுக்குழாய் பக்கத்தில, ரெண்டு இருக்குமே?"

இந்தத் தடவை அவள் இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். "அது குதூத்து, ஆலிஸக்கா. எங்களுக்கு ஆட்டுல ஏழு கூடாது. ரத்தம், பித்தப்பை, மூத்திரப்பை, வெத, ரெண்டு மறைவான எடம், அப்புறம் குதூத்து. அவரு மொதல்ல அதத்தான் அறுத்து வீசுவாரு." அவள் கை மெல்ல உயர்ந்து சுவர்மேல் காட்டியது. "கலெக்டருதான் துன்னும்."

இருவரும் கலெக்டரைப் பார்த்தோம். அது தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து எங்களைப் பார்த்தது. சிறகை உதறியது. ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை.

"அதான் அது தூங்கவே மாட்டேங்குது," என்றாள் குல்சும். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. நான் பல வருஷமாகக் கேட்காத அவள் சிரிப்பில் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

கய்யூம் வீட்டுக்கு வந்ததும் அவள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கம் சத்தம் எழுந்தது. "குதூத்தையா சொன்னாங்க? தின்னுறதுன்னு சொன்னாங்களே! நான் பொஞ்சாதிக்கு நல்லதா போவணும்னு பால்குட்டியா பாத்துப் பாத்து எடுத்தேனே!" தின்னக்கூடியது என்று கேட்டவுடன் அவர் மனம் தின்னக்கூடாததைப் பற்றி நினைக்கவே இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து தினமும் வீசி எறிந்த ஒன்று மருந்தாக இருக்கும் என்று அவர் எப்படி எண்ணுவார்?

ஹாஜிரா பீ, "கூடாதத துன்னு பொறக்குற புள்ள வெளங்குமா?" என்றார். கய்யூம் பள்ளிவாசல் ஹஸரத்திடம் போனார். போய்வந்து எங்கள் வாசலில் பவுல்சாமியிடம் சொன்னதை நானும் கேட்டேன்.

"ஹஸரத்து கேட்டாரு, வேற மருந்து கீதான்னு. சீமை மாத்திர கீது, கப்பல் வரணும்னேன். அத எதுல செய்றான்னாரு. ஆடோ பன்னியோ, எப்டி அறுத்தானோ, யாருக்குத் தெரியும்னேன். 'அத முழுங்கலாமான்னு எங்கிட்ட ஒருத்தனாச்சும் கேட்டுக்கினு வந்தீங்களாடா'ன்னாரு. அப்புறம் சொன்னாரு, 'உங்கையால பிஸ்மில்லா சொல்லி அறுத்தது. டாக்டர் சொன்ன அளவு, மருந்துன்னு துன்னட்டும். ருசியா கீதுன்னு ரெண்டாவது துண்டு கேட்டா எங்கிட்ட வராதே.'"

டாக்டர் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னோம். மூன்று வாரம் வீணானதற்கு நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவரோ நாற்காலியை வாசலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு கய்யூமைக் கேள்விகள் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"காயடிச்ச ஆட்டுக்கு அந்த வெள்ளைச் சதை சீக்கிரம் கரையாதுன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"தெனம் பாக்கறேனேம்மா."

"வேற என்ன மாறும்?"

கய்யூம் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கூச்சம் விட்டுப் போயிற்று. தொழிலைப் பற்றி அவரிடம் யாரும் இப்படி விசாரித்ததில்லை. "கெடாவுக்கு வாட அடிக்கும். காயடிச்சா வாடையே இருக்காது. கொம்பு செறுத்துப் போவும். கழுத்து தடிக்காது. கொழுப்பு கூடும். முட்டாது. பக்கத்துல பொட்ட ஆடு நின்னாலும் பாட்டுக்குத் தழை துன்னுக்கினு கெடக்கும்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பார்த்தியா ஆலிஸ்? எடுத்தது அடியில ரெண்டு விதை. மாறினது கொம்பு, தோல் வாடை, கழுத்து, நெஞ்சுக்குள்ள இருக்கிற சதை, குணம். அங்கேயிருந்து இங்கே ஒரு குழாய் கிடையாது, கயிறு கிடையாது. ரத்தத்திலே போற ஒரு துளி சேதி. இதைக் கண்டுபிடிக்கிறதுக்குப் பெரிய பெரிய பண்டிதர்கள் ஆயுசைச் செலவழிச்சிருக்காங்க. இவருக்கு வாசனையிலயே தெரியுது."

நான் போய்ப் புட்டிகளைக் கழுவினேன். கழுவுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கழுத்திலும் அது இருக்கிறது. நான் பிறந்த நாளிலிருந்து, நான் கேட்காமலே, எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒன்று, இன்று இவ்வளவு சூடு போதும், இவ்வளவு வேகம் போதும் என்று என்னை நடத்திக்கொண்டிருக்கிறது. கோவிலுக்குப் போனால் முழங்கால் தானாக மடிவதுபோல் இருந்தது எனக்கு.

மறுநாள் வந்த பொட்டலத்தில் சரியானது இருந்தது. கருஞ்சிவப்பில், வழவழவென்று, விரல் நுனியில் நிற்கும் அளவு. டாக்டர் அதைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். ஒன்றை நாலாக அரிந்தேன். நெய்யில் ஒரு புரட்டுப் புரட்டி, மிளகு தூவி, ரொட்டிக்குள் வைத்தேன். குல்சும் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள். கண்ணை மூடி, பிஸ்மில்லா சொல்லி, தின்றாள்.

"எப்டி கீது?" என்றார் பவுல்சாமி.

"ஹஸரத்துக்குப் பயம் வேணாம்," என்றாள். "ரெண்டாவது துண்டு கேக்க மாட்டேன்."

ஒன்பதாம் நாள் பாதத்தில் சுத்தியால் தட்டியபோது, அது உதறிவிட்டுச் சற்று விரைவாகத் திரும்பியது. பத்தாம் நாள், வருஷக்கணக்காக விரலில் இறுகி ரணமாக்கிக்கொண்டிருந்த மோதிரம் தானாகக் கழன்று கிணற்றில் விழுந்தது. பதினாலாம் நாள் காலையில் அவள் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சால்வை மடியில் இருந்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். மேலுதட்டின்மேல் ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தேன். கடுகளவு, கடுகளவாக, ஏழெட்டு முத்து. நான் பார்க்கப் பார்க்க நெற்றியிலும் அரும்பியது.

குல்சும் விரலால் தொட்டு விரலைப் பார்த்தாள். நாக்கில் வைத்தாள்.

"உப்பு," என்றாள்.

கய்யூம் படியில் நின்றிருந்தார். பெண்கள் இருக்கும் இடம் என்பதையும் மறந்து உள்ளே ஓரடி வைத்துவிட்டார். "வேர்க்குதும்மா!" என்றார். "டாக்டரம்மா, இவளுக்கு வேர்க்குது!"

"ஊருக்கே வேர்க்குது," என்றார் ஹாஜிரா பீ. "அதுக்கு மேளம் வெக்கணுமா? வேர்வையா தொட்டில்ல படுக்கப் போவுது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சபர் மாதம் நடந்துகொண்டிருந்தது. மீலாது முடிய ஆறே வாரம்தான்.

கய்யூமுக்குப் பொறுக்கவில்லை. கால்பங்கு இவ்வளவு செய்தால் முழுசு எவ்வளவு செய்யும் என்று கணக்குப் போட்டு, எங்களுக்குத் தெரியாமல் வீட்டில் தினமும் ஒன்றைக் கொடுத்துவந்தார். ஒரு வாரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு குல்சும் வந்துவிட்டாள். விடிவதற்குள் வீடு முழுவதும் கழுவினாள். பாத்திரத்தைக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள். பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். ஹாஜிரா பீ பதறிப்போய் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அந்தக் கை காற்றில் ஆடும் இலைபோல் நடுங்கியது. இருதயம் அடிப்பது சட்டைக்கு வெளியே தெரிந்தது.

"கய்யூம் பாய்!" என்று டாக்டர் போட்ட சத்தத்தில் தெருவில் போன ஜட்கா நின்றது. "இது பிரியாணி இல்லை, அள்ளி வைக்கிறதுக்கு! உடம்பு இதைத் தராசுல நிறுத்தாப்போல வெச்சிருக்கு. குறைஞ்சா அணைஞ்சு போகும். கூடினா எரிஞ்சு போகும். எட்டு நாளைக்கு ஒண்ணும் குடுக்காதீங்க."

"தப்புத்தாம்மா," என்றார் கய்யூம். "நாளு போய்க்கினே கீது, அதான்."

எட்டு நாளில் நடுக்கம் அடங்கியது. மறுபடி கால்பங்கு. கன்னம் வற்றி, அவளுடைய பழைய முகம் வெளியே வந்தது. புருவம் கறுத்தது. குரலிலிருந்து ஏதோ ஒன்று ஒவ்வொரு நாளும் உரிந்து விழுந்தது. ஆனால் ஹாஜிரா பீ எதற்காகக் காத்திருந்தாரோ அது வரவில்லை. மீலாது வந்தது. தெருவில் பச்சைக் காகிதத் தோரணம் கட்டினார்கள், கழற்றினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நிக்காஹ் நாள் குறிக்க வாணியம்பாடியார் வருவதாகக் கடிதம் வந்தது. குல்சும் தன் துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கினாள் என்று கய்யூம் சொன்னார். அண்ணன் வீட்டுக்குப் போவதென்று அவளே முடிவு செய்திருந்தாள். "மூலையில தூங்கிக்கினு இருந்தப்போ இருந்திருப்பேன்," என்றாளாம். "இப்போ முழிச்சிக்கினேன். பாத்துக்கினு இருக்க முடியாது." உடம்பு தேறியதால்தான் அவளுக்கு வலிக்கவும் தொடங்கியிருந்தது.

அது செவ்வாய்க்கிழமை. மத்தியானம். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்துவிட்டார்கள். நான் முற்றத்தில் இருந்தேன். அந்தப் பக்கம் துடைப்பச் சத்தம் நிற்காமல் கேட்டது.

"ஏ குல்சும்," என்றது ஹாஜிரா பீயின் குரல். "லுஹருக்குப் பாங்கு சொல்லி எவ்ளோ நேரம் ஆச்சு? முசல்லா விரிக்காம இன்னா பெருக்கிக்கினு கீறே?"

துடைப்பம் நின்றது.

"காது அடச்சிக்கிச்சா? நோவுல கெடந்தப்போகூட ஒரு வேள விட்டதில்ல. ஒரு வருசமா விடாமத் தொழுதவ, இன்னிக்கு காலைல ஃபஜருக்கும் காணோம், இப்பவும்..."

அங்கேயே அவர் குரல் நின்றுவிட்டது.

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அவர்கள் வழக்கத்தில் பெண்கள் மாதத்தில் அந்தச் சில நாள் தொழ மாட்டார்கள், தொழக்கூடாது. அந்த ஒரு வருஷம் அவள் ஒரு வேளையும் விடாமல் தொழுததற்கு உடம்பு அடங்கிப் போனதுதான் காரணம். இன்று தொழுகை விரிப்பு மடித்தபடி இருந்தது. கழுத்திலிருந்து கிளம்பிய சேதி கீழே போய்ச் சேர்ந்துவிட்டது. கையிலிருந்த புட்டியை நான் எப்போது கீழே வைத்தேன் என்று தெரியவில்லை. ஒரு பாதாமின் கால்பங்கு. இத்தனை வருஷம் கலெக்டர் தின்றுகொண்டிருந்தது.

அந்தப் பக்கம் ஹாஜிரா பீ, "யா அல்லா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வளையல் சத்தம் கேட்டது. "குடு அந்தத் தொடப்பத்த. போயி உக்காரு. தண்ணி நான் எறைக்கிறேன்."

"வேணாம் மாமி."

"போன்னுறேன். வாளியத் தொட்டே, கைய ஒடிப்பேன்."

அவரே வாணியம்பாடிக்கு ரயிலேறிப் போய்ச் சர்க்கரைத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். நான்கு நாள் கழித்து டாக்டர் முன்னால் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணு வூட்டுல கேட்டாங்க, மருமவ பெத்துக்குவான்னு டாக்டர் எழுதிக் குடுத்தாங்களான்னு. எழுத்து இன்னாத்துக்கு? அவ முசல்லா விரிக்கல, அது போதும்னுட்டேன். பொம்பளைங்க எல்லாரும் வாயப் பொத்திக்கினாங்க." பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, குரலைத் தணித்து, "ஏம்மா, எனக்குக்கூட இப்பல்லாம் குளுருது. எங்கழுத்தையும் கொஞ்சம் பாரேன்," என்றார்.

டாக்டர் பார்த்தார். அவர் கழுத்தில் ஒரு குறையும் இல்லை.

1933 மார்கழியில் குல்சுமுக்கு எங்கள் டிஸ்பென்சரியிலேயே பெண் பிறந்தது. ஷாகிரா என்று பெயர் வைத்தார்கள். பிறந்த மூன்றாம் நாள், குழந்தை அழுத சத்தம் கேட்டதுமே குல்சுமின் மேல்துணி பாலில் நனைந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அங்கேயும் ஏதோ ஒரு சேதி போய்ச் சேர்ந்திருந்தது.

அவள் கழுத்தில் வாடியது மறுபடி முளைக்கவில்லை. ஆயுசு முழுக்க அந்தக் கால்பங்கு வேண்டும் என்றார் டாக்டர். கப்பலில் மாத்திரை வந்தும் அவள் அதை வாங்கவில்லை. கய்யூம் தினமும் விடியலில் கழுத்தைச் சுத்தம் செய்யும்போது, அந்த ஒன்றை மட்டும் இலையில் தனியாக எடுத்து வைப்பார். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வெண்கலத் தட்டு விழுந்ததுபோல் குரல் எழும்:

"யோவ் கலெக்டரே, எறங்குய்யா! கால் எனக்கு, முக்கா உனக்கு. பேச்சு பேச்சா இருக்கணும்!"